என்எஃப்எல் அணிகளின் சம்பள வரம்பும் ஒப்பந்த நீட்டிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், 32 அணிகள். அந்த லீக்கான என்எஃப்எல்லில் ஒவ்வொரு மார்ச்சும் "40 கோடி டாலர் ஒப்பந்தம்", "அணி கேப்புக்கு (சம்பள வரம்புக்கு) மேலே போய்விட்டது", "எப்படியோ சமாளித்துவிட்டார்கள்" என்று செய்தி வரும். அந்த 'எப்படியோ'வுக்கான விளக்கம் கீழே.

சம்பள வரம்பு எவ்வளவு? யார் தீர்மானிக்கிறார்கள்?

லீக்கின் மொத்த வருமானத்தில் வீரர்களுக்குப் போக வேண்டிய பங்கு, லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 2020இல் கையெழுத்தான இப்போதைய ஒப்பந்தம் 2030 சீசன் வரை செல்லும். அதன்படி 2021 முதல் வீரர்களின் பங்கு குறைந்தது 48 சதவீதம். அதில் ஓய்வூதியம், மருத்துவம் போன்ற பொதுச் சலுகைகளைக் கழித்து, மீதியை 32ஆல் வகுத்தால் ஓர் அணிக்கான வரம்பு கிடைக்கும்.

1994இல் முதன்முதலாக வந்தபோது வரம்பு 3.46 கோடி டாலர். 2025இல் 27.92 கோடி. நடுவில் 2010இல் வரம்பே இல்லாத ஒரு வருடம் இருந்தது. கோவிட் காலத்தில் அரங்குகள் காலியாகக் கிடந்ததால் 2020இல் 19.82 கோடியாக இருந்தது 2021இல் 18.25 கோடியாக இறங்கியது. வரம்பு ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி முன்கூட்டியே செலவு செய்திருந்த அணிகளுக்கு அந்த வருடம் மூச்சுத் திணறியது.

அணியின் கணக்கில் யாருடைய சம்பளம் சேரும்?

எல்லோருடையதும். முதன்மைப் பட்டியலின் 53 பேர், காயப் பட்டியலில் இருப்பவர்கள், பயிற்சி அணி வீரர்கள், ஏன், போன வருடம் வெளியே அனுப்பப்பட்டவர்களின் பாக்கி போனஸ் கூடச் சேரும். மார்ச் முதல் சீசன் தொடங்கும் வரை மட்டும் ஒரு சலுகை உண்டு: அப்போது ஒவ்வொரு அணியிலும் 90 பேர் வரை இருப்பார்கள், ஆனால் அதிகச் செலவுள்ள முதல் 51 பேரின் தொகையே முழுதாகக் கணக்கில் வரும். மற்றவர்களின் போனஸ் தவணை மட்டும் சேரும். கோடையில் "இடம் இருக்கிறது" என்று தெம்பாக இருந்த அணி செப்டம்பரில் திடீரென நெருக்கடியில் மாட்டுவதற்கு இதுவே பாதிக் காரணம். 52, 53ஆவது ஆட்கள், பயிற்சி அணி, சீசன் நடுவில் காயத்துக்கு மாற்று ஆள் என்று தனியாக எடுத்து வைக்காதவர்கள் அக்டோபரில் யாருடைய சம்பளத்தையாவது பிரித்துப் போட வேண்டிவரும்.

ஒரு வருடம் மிச்சப்படுத்திய தொகையை அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போகலாம். அதனால்தான் அணிக்கு அணி உண்மையான வரம்பு வேறுபடுகிறது.

கையில் கொடுக்கும் பணமும் கணக்கில் ஏறும் பணமும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன?

இது புரிந்தால் மீதி எல்லாம் புரிந்த மாதிரி. அடிப்படைச் சம்பளம் அந்தந்த வருடக் கணக்கிலேயே ஏறும். ஆனால் கையெழுத்து போனஸை ஒரே நாளில் மொத்தமாகக் கொடுத்தாலும், கணக்கில் ஒப்பந்த வருடங்களுக்குச் சமமாகப் பங்கிட்டு எழுதலாம், அதிகபட்சம் 5 வருடங்களுக்கு.

2021இல் டாலஸ் கவ்பாய்ஸ் அணி டாக் பிரெஸ்காட்டுக்கு 4 வருடம், 16 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. கையெழுத்து போனஸ் 6.6 கோடி, முதல் வருட அடிப்படைச் சம்பளம் 90 லட்சம். அந்த வருடம் அவர் கைக்குப் போனது 7.5 கோடி. கணக்கில் ஏறியதோ 6.6 கோடியில் ஐந்தில் ஒரு பங்கான 1.32 கோடியும் 90 லட்சமும் சேர்ந்து 2.22 கோடி மட்டும் (4 வருட ஒப்பந்தம் ஐந்தாகப் பிரிவது கீழே வரும் 'வாய்ட் வருட' வித்தையால்). மீதி 5.28 கோடி மறையவில்லை. அடுத்த நான்கு வருடங்களில் காத்திருந்தது. முதல் மாதமே சீட்டை எடுத்தவர் கடைசி மாதம் வரை தவணை கட்டியாக வேண்டும் அல்லவா, அந்தக் கதைதான்.

நீட்டிப்பு கொடுத்தால் இந்த வருடச் செலவு குறையுமாமே, எப்படி?

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தில் இருக்கும் வீரருக்கு அடிப்படைச் சம்பளம் 1.2 கோடி, பழைய போனஸ் பாக்கி எதுவும் இல்லை. அவருக்கு மேலும் 4 வருடம் நீட்டித்து 3 கோடி கையெழுத்து போனஸ் தருகிறார்கள். இந்த வருட அடிப்படைச் சம்பளத்தை 12 லட்சமாக இறக்குகிறார்கள். போனஸ் 5 வருடங்களுக்குப் பிரிந்து வருடத்துக்கு 60 லட்சம். இந்த வருடக் கணக்கு 72 லட்சம். வீரருக்கு 3.12 கோடி கையில். அணிக்கு 48 லட்சம் இடம் மிச்சம்.

இருவருக்கும் லாபம் போலத் தெரிகிறதே என்றால், ஆம், இன்றைக்கு லாபம்தான். இரண்டு சீசன் கழித்து அவர் முழங்கால் போய்விட்டால் என்ன ஆகும் என்பதே இந்தத் தொழிலின் மொத்தக் கேள்வி. கணக்கில் இன்னும் மூன்று 60 லட்சங்கள் உட்கார்ந்திருக்கும்.

'ரீஸ்ட்ரக்சர்' என்பது சம்பளக் குறைப்பா?

இல்லை. பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது. சம்பளக் குறைப்பில் வீரர் பணத்தை இழக்கிறார், அதற்கு அவர் சம்மதம் வேண்டும். ரீஸ்ட்ரக்சரில் ஒரு பைசா குறைவதில்லை. வாராவாரம் வரவிருந்த சம்பளம் போனஸ் என்ற பெயரில் முன்கூட்டியே வருகிறது. இப்படி மாற்றிக்கொள்ளும் உரிமையைப் பெரிய ஒப்பந்தங்களில் அணி முதலிலேயே எழுதி வாங்கிவிடும்.

நான்கு வருடம் மீதமுள்ள வீரரின் இந்த வருடச் சம்பளம் 2 கோடி என்றால், 20 லட்சத்தைச் சம்பளமாக விட்டு 1.8 கோடியைப் போனஸாக மாற்றலாம். வருடத்துக்கு 45 லட்சம். இந்த வருடம் 65 லட்சமே ஏறும், 1.35 கோடி இடம் கிடைக்கும். அடுத்த மூன்று வருடமும் தலா 45 லட்சம் கூடும்.

இதையே வருடாவருடம் செய்து பிழைத்த அணிக்கு உதாரணம் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ். பொது மேலாளர் மிக்கி லூமிஸ் 2002 முதல் இந்த வித்தையில் கைதேர்ந்தவர். வரம்பு சறுக்கிய 2021இல் அந்த அணி சுமார் 10 கோடி டாலர் மேலே நின்றது. மார்ச் நடுவில் கெடு முடிவதற்குள் கீழே வந்தது. குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்தும் வீரர்) டுரூ பிரீஸ் இருந்த காலத்தில் அந்தக் கடனுக்கு அர்த்தம் இருந்தது. அவர் ஓய்வு பெற்ற பின்னும் அதே பழக்கம் தொடர்ந்தது சரியான முடிவாக எங்களுக்குத் தோன்றவில்லை.

'வாய்ட் வருடம்' என்றால்?

வீரர் ஆடப்போவதே இல்லை என்று இரு தரப்புக்கும் தெரிந்த வருடங்கள். போனஸைப் பங்கிட ஐந்து பெட்டி வேண்டும், உண்மையான ஒப்பந்தமோ இரண்டு வருடம். எனவே மூன்று பொய் வருடங்களைச் சேர்த்து, குறித்த தேதியில் அவை தாமே ரத்தாகும் என்று எழுதிவிடுவார்கள். ரத்தாகும் நாளில் அந்த மூன்று பெட்டிகளில் இருக்கும் தொகை முழுதும் ஒரே வருடக் கணக்கில் வந்து விழும். டாம் பிரேடி 2023 பிப்ரவரியில் ஓய்வு பெற்றார். டேம்பா பே அணியின் அந்த வருடக் கணக்கில் அவர் பெயரில் 3.51 கோடி நின்றது. ஆனாலும் அவரை வைத்து 2020 சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றவர்கள் அதைப் பற்றிப் பெரிதாகப் புலம்பவில்லை.

வாய்ட் வருடங்களை ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் வேறு விதமாகப் பயன்படுத்துகிறது. கையெழுத்து போனஸ் சிறிதாகவும், பின்வரும் ஒவ்வொரு வருடமும் ஒரு 'ஆப்ஷன் போனஸ்' ஆகவும் பிரிப்பார்கள். ஆப்ஷன் போனஸ் கொடுக்கப்படும் வருடத்திலிருந்து புதிதாக ஐந்து வருடத் தவணை ஓடத் தொடங்கும். 2023இல் ஜேலன் ஹர்ட்ஸுக்கு 5 வருடம், 25.5 கோடி டாலர் நீட்டிப்பு. அந்த வருடக் கணக்கில் ஏறியது சுமார் 61.5 லட்சம். குவார்ட்டர்பேக்குக்கு இது நம்ப முடியாத மலிவு. வரம்பு வருடாவருடம் ஏறுவதால் பின்னாளில் கட்டும் அதே டாலர் வரம்பில் சிறிய பங்கு என்பது அவர்கள் வாதம். 2021 போன்ற வருடம் மறுபடி வராதவரை வாதம் செல்லும்.

'டெட் மணி' எங்கிருந்து வருகிறது? ஜூன் 1 ஏன் முக்கியம்?

அணியில் இல்லாத வீரருக்காகக் கணக்கில் நிற்கும் பணம் டெட் மணி. வீரரை விலக்கியதும் அவர் பெயரில் மிச்சமிருக்கும் போனஸ் தவணைகள் எல்லாம் உடனே இந்த வருடத்தில் விழும். ஜூன் 1க்குப் பின் விலக்கினால் இந்த வருடத் தவணை மட்டும் இப்போது. மீதி அடுத்த வருடம். மார்ச்சிலேயே விலக்கிவிட்டு "ஜூன் 1க்குப் பின் விலக்கியதாக வையுங்கள்" என்று அணிக்கு வருடத்துக்கு இரண்டு பேர் வரை குறிக்கலாம். ஒரு பிடி உண்டு: அப்படிக் குறித்தாலும் ஜூன் 1 வரை அவருடைய முழுத் தொகையும் கணக்கிலேயே கிடக்கும். மார்ச்சில் ஆள் எடுக்கப் பணம் தேவைப்படும் அணிக்கு அது உதவாது.

மேலே போட்ட கற்பனைக் கணக்கில் அந்த வீரரை இரண்டு சீசன் கழித்து மார்ச்சில் விலக்கினால் 1.8 கோடி ஒரே அடி. ஜூன் குறியீட்டில் 60 லட்சம் இப்போது, 1.2 கோடி அடுத்த வருடம்.

உண்மையில் நடந்ததில் 2024 வரை மிகப் பெரியது ரசல் வில்சன் விவகாரம். 2022இல் டென்வர் பிரான்கோஸ் அவரை சியாட்டிலிடமிருந்து வாங்கியது. கையில் இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம் இருந்தும், புதிய அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடுமுன், 2022 செப்டம்பரில் ஐந்து வருட நீட்டிப்பும் கொடுத்தார்கள். அந்த நீட்டிப்பு 2024இல்தான் தொடங்க வேண்டும். அதில் ஒரு தேதி இருந்தது: 2024 மார்ச் 17 அன்று அணியில் இருந்தால் 2025க்கான 3.7 கோடி சம்பளம் முழு உத்தரவாதமாகிவிடும். காயம்பட்டால் அதற்கு முன்பே அந்தப் பணம் கொடுத்தாக வேண்டும். 2023 டிசம்பர் கடைசியில், இரண்டு ஆட்டம் மீதமிருக்கையில், அவரை உட்கார வைத்தார்கள். 2024 மார்ச்சில் ஜூன் குறியீட்டுடன் விலக்கினார்கள். டெட் மணி மொத்தம் 8.5 கோடி: 2024இல் 5.3 கோடி, 2025இல் 3.2 கோடி. நீட்டிப்பின் முதல் வருடம் தொடங்கவே இல்லை.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு நுணுக்கம்: ஈடுகட்டும் விதி. வேறு அணி கொடுக்கும் சம்பளத்தைப் பழைய அணி தன் பாக்கியில் கழித்துக்கொள்ளலாம். வில்சனுக்கு 2024க்கு 3.9 கோடி உத்தரவாதம் இருந்தது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரை மூத்த வீரர்களுக்கான குறைந்தபட்சமான 12.1 லட்சத்துக்கு எடுத்தது; மீதியை டென்வர் கொடுத்தது. பிட்ஸ்பர்க் கூடுதலாகக் கொடுத்திருந்தாலும் வில்சனின் பையில் ஒரு டாலர் கூடியிருக்காது.

'உத்தரவாதம்' என்று போட்டிருந்தால் முழுப் பணமும் நிச்சயமா?

எந்த உத்தரவாதம் என்று கேளுங்கள். மூன்று வகை உண்டு: ஆட்டத்திறன் குறைந்ததால் விலக்கினால், வரம்புக்காக விலக்கினால், காயத்தால் ஆட முடியாமல் போனால். மூன்றும் சேர்ந்தால் முழு உத்தரவாதம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் முதல் இரண்டு வருடம் முழு உத்தரவாதம். மூன்றாம் வருடம் காயத்துக்கு மட்டும், குறிப்பிட்ட மார்ச் தேதியில் முழுதாக மாறும். அதனால்தான் காயம்பட்ட வீரரை விட, காயம்படக் கூடியவரை அணிகள் ஜனவரியில் பத்திரமாக ஒளித்து வைக்கின்றன.

2022இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் டெஷான் வாட்சனுக்கு 5 வருடம், 23 கோடி, முழுதும் உத்தரவாதமாகக் கொடுத்தது. முதல் வருட அடிப்படைச் சம்பளம் வெறும் 10.35 லட்சம், பணம் 4.4965 கோடி கையெழுத்து போனஸில் இருந்தது. அவருக்கு 11 ஆட்டத் தடை வந்தபோது அடிப்படைச் சம்பளத்திலிருந்துதான் வாரத்துக்குப் பதினெட்டில் ஒரு பங்கு பிடித்தார்கள்: ஆட்டத்துக்கு 57,500 டாலர், மொத்தம் 6,32,500. எங்கே பணத்தை வைக்கிறோம் என்பது எவ்வளவு பணம் என்பதற்குச் சமமான கேள்வி என்று ஏஜென்ட்கள் சொல்வது இதனால்தான்.

எல்லோருக்கும் இப்படிக் கொடுக்காததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் சொல்வார்கள்: எதிர்கால வருடங்களின் உத்தரவாதத் தொகையில் ஓர் அளவுக்கு மேற்பட்டதை அணி முன்கூட்டியே தனிக் கணக்கில் கட்டி வைக்க வேண்டும். தொலைக்காட்சிப் பணம் கொட்டும் இந்தக் காலத்தில் அது பேரம் பேசும்போது எடுத்து நீட்டும் சாக்கு என்பதே எங்கள் கருத்து.

நீட்டிப்புப் பேச்சு எப்போது தொடங்கலாம்?

டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) வந்த வீரருக்கு 4 வருட ஒப்பந்தம். மூன்றாவது சீசன் முடியும் வரை கைவைக்க முடியாது. டிராஃப்ட் ஆகாமல் வந்தவருக்கு 3 வருடம். இரண்டு சீசன் கழித்துப் பேசலாம். முதல் சுற்றில் எடுத்தவருக்கு ஐந்தாவது வருட ஆப்ஷன் அணியின் கையில் உண்டு. மூன்றாம் சீசனுக்குப் பின் மே தொடக்கத்துக்குள் சொல்லியாக வேண்டும், சொன்னால் முழு உத்தரவாதம்.

அதுவும் முடிந்தால் 'ஃபிரான்சைஸ் டேக்': ஒரு வீரரை ஒரு வருடம், அவர் இடத்துக்கான உச்சச் சம்பளங்களின் சராசரியிலோ முந்தைய சம்பளத்தின் 120 சதவீதத்திலோ எது அதிகமோ அதில் நிறுத்தி வைக்கலாம். ஜூலை நடுவுக்குள் நீட்டிப்பு முடியாவிட்டால் அந்த ஒரு வருடமே. இரண்டாம் முறை 120 சதவீதம், மூன்றாம் முறை 144. வாஷிங்டனில் கர்க் கஸின்ஸ் 2016இல் 1.995 கோடிக்கும் 2017இல் 2.394 கோடிக்கும் டேக்கில் ஆடினார். மூன்றாவது டேக் சுமார் 3.45 கோடி ஆகியிருக்கும். அணி கைவிட்டது. அவர் 2018இல் மினசோட்டாவில் 3 வருடம், 8.4 கோடி, அனைத்தும் உத்தரவாதமாகக் கையெழுத்திட்டார். பொறுமையாகக் காத்திருக்கக் கூடிய வீரரிடம் டேக் ஆயுதம் அணியையே வெட்டும்.

தாமதம் அணிக்கு என்ன விலை?

மறுபடி பிரெஸ்காட். 2020இல் அவர் டேக்கில் 3.14 கோடிக்கு ஆடி, அக்டோபரில் கணுக்கால் உடைந்தும், 2021இல் மேலே சொன்ன ஒப்பந்தத்தைப் பெற்றார். அதில் இனி டேக் போடக்கூடாது, வேறு அணிக்கு மாற்றவும் கூடாது என்று இரண்டு விதிகள். இடையில் டாலஸ் அவர் சம்பளத்தை ரீஸ்ட்ரக்சர் செய்து செய்து பின்னுக்குத் தள்ளியது. 2024 கோடையில் நிலைமை: டேக் இல்லை, மாற்ற முடியாது, அவர் சும்மா போனாலும் அடுத்த வருடம் சுமார் 4 கோடி டெட் மணி. பேரத்தில் அணியின் கையில் ஒரு சீட்டுகூட இல்லை. செப்டம்பரில், முதல் ஆட்டத்தன்று காலை, 4 வருடம், 24 கோடி என்று முடிந்தது. வருடத்துக்கு 6 கோடி. லீக்கில் அதுவரை யாருக்கும் கொடுக்காத தொகை.

வீரரை வேறு அணிக்கு மாற்றினால் கணக்கு யாருக்கு?

இனிவரும் சம்பளம் புதிய அணிக்கு. ஏற்கெனவே கொடுத்த போனஸின் பாக்கித் தவணை பழைய அணிக்கு. 2022இல் மேட் ரையனை இண்டியானாபொலிஸுக்கு அனுப்பிய அட்லாண்டாவுக்கு 4.05 கோடி டெட் மணி. 2025 ஆகஸ்டில் மைக்கா பார்சன்ஸை கிரீன் பேவுக்கு அனுப்பிய டாலஸுக்கு அந்தச் சுமை இல்லை, ஏனெனில் அவர் ஐந்தாவது வருட ஆப்ஷனில் இருந்தார், டிராஃப்ட் போனஸ் தவணை நான்கே வருடத்தில் தீர்ந்திருந்தது. 18.8 கோடி நீட்டிப்பு கிரீன் பேயின் பொறுப்பு.

சாதனைப் போனஸ் எப்படிக் கணக்கிடப்படும்?

போன சீசனில் செய்த அளவையே மறுபடி செய்தால் கிடைக்கும் என்றால் 'வாய்ப்புள்ளது', இந்த வருடமே ஏறும். அதற்கு மேல் என்றால் அடைந்த பிறகு அடுத்த வருடத்தில். போன வருடம் 8 சாக் (எதிரணி குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது) எடுத்தவருக்கு 8க்குப் போனஸ் வைத்தால் இப்போதே செலவு. 9க்கு வைத்தால் இப்போது பூஜ்யம்.

மூத்த வீரர்களை செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் எடுப்பது ஏன்?

நான்கு சீசன் முடித்தவர் முதல் ஆட்டத்தன்று பட்டியலில் இருந்தால், பின்னர் விலக்கினாலும் அந்த வருடச் சம்பளத்தை அவர் கோர முடியும். ஒரு வாரம் கழித்து எடுத்தால் அணிக்கு அந்தப் பயம் குறைவு. மூத்தவர்களுக்கென்று ஒரு சலுகையும் உண்டு: 2025இல் ஏழு வருடமோ அதற்கு மேலோ ஆடியவரின் குறைந்தபட்சம் 12.55 லட்சம், அந்தச் சலுகை ஒப்பந்தத்தில் கணக்கில் ஏறுவது 10.3 லட்சம்தான்.

வரம்பை மீறினால் தண்டனை என்ன?

மீற விடமாட்டார்கள். ஒவ்வொரு ஒப்பந்தமும் லீக் அலுவலகத்துக்குப் போகும். இடமில்லாவிட்டால் திரும்பி வரும். ரகசிய ஏற்பாடுதான் ஆபத்து. 90களின் பின்பாதியில் செய்த மறைமுக ஒத்திவைப்புகளுக்காக டென்வர் 2001லும் 2004லும் அபராதம் கட்டி டிராஃப்ட் உரிமையும் இழந்தது. விசித்திரமானது 2012: வரம்பே இல்லாத 2010இல் சம்பளத்தைக் கொட்டித் தீர்த்ததற்காக வாஷிங்டனுக்கு 3.6 கோடியும் டாலஸுக்கு 1 கோடியும் இரண்டு வருடங்களில் வெட்டப்பட்டன. இல்லாத விதியை மீறியதற்குத் தண்டனையா என்று இரு அணிகளும் நடுவரிடம் போய்த் தோற்றன.

ஐபிஎல் ஏலப் பணம் மாதிரிதானே?

மேலோட்டமாக மட்டும். 2025 ஏலத்தில் அணிக்கு 120 கோடி ரூபாய் என்றால் அது அந்த வருடத்துச் சம்பளத்துக்கு நேரடி வரம்பு. நாளைய பணத்தை இன்றைக்கு இழுத்து எழுத வழியில்லை.

செய்தியில் வரும் தொகையை எப்படிப் படிக்க வேண்டும்?

மொத்தத் தொகையை விட்டுவிடுங்கள். முதலில் கையெழுத்திடும் அன்றே முழு உத்தரவாதமாகும் தொகை. அடுத்து முதல் மூன்று வருடங்களில் கைக்கு வரும் பணம். நீட்டிப்பு என்றால் பழைய ஒப்பந்தத்தின் மீதி வருடங்களையும் சேர்த்துச் சராசரி போடுங்கள்: 'வருடத்துக்கு 4 கோடி' என்பது பல நேரம் 3.2 கோடியாக இறங்கிவிடும். பிறகு மூன்றாம் வருடத்தின் மார்ச்சில் விலக்கினால் டெட் மணி எவ்வளவு, மிச்சமாகும் சம்பளம் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மிச்சம் பெரிதாக இருந்தால் ஐந்து வருடம் என்று எழுதியிருந்தாலும் அது இரண்டு வருட ஒப்பந்தம். மூன்றாவது வருடத்தை அணி அந்த மார்ச்சில் முடிவு செய்யும்.